இருபது மைக்ரான்

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்,
மூன்றாவது ஷெட்டின் அளவை அறை.
வெப்பம் எப்போதும் இருபது டிகிரி.
உலோகத்துக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று
மே மாதத்திலும் நான் ஸ்வெட்டரில் இருப்பேன்.

கருங்கல் மேசைமேல் கிடக்கிறது
ஓர் அலுமினியக் கொம்பு,
மைக்செட் குழாய்போல வாய் விரித்து.
இது கத்துவதற்கு அல்ல,
கேட்பதற்கு.

தென்னாப்பிரிக்காவின் காரூ வெளியில்
ஒரு பெரிய வட்டிலின் முகத்துக்கு எதிரே உட்காரும்.
கானாவில் ஒரு வட்டில், மொரீஷியஸில் ஒன்று,
போட்ஸ்வானாவில் இன்னும் அஸ்திவாரக் குழியாக ஒன்று.
எல்லாம் ஒரே இரவில் ஒரே திசைக்குத் திரும்பினால்
கண்டத்தின் அகலத்துக்கு ஒரே காது.
வரைபடத்தோடு வந்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது.
இரண்டு முறை படித்தேன்.
பிறகு அளந்தேன்.

இருபது மைக்ரான் அதிகம்.
ஒரு தலைமுடியை நாலாய்க் கிழித்தால் ஒரு பங்கு.

முதலாளி திம்மராயப்பா வாசலில் நின்றார்:
"நட்சத்திரமா எறங்கி வந்து
ஸ்கேல் வெச்சுப் பாக்கப் போவுது, நாகவேணி?"

சிவப்பு அட்டையைக் கட்டினேன்.
அன்று கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை.
களி மட்டும் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

அடுத்த நாள் வீடியோ அழைப்பு.
இங்கே பன்னிரண்டரை, அங்கே காலை ஒன்பது.
ஒராட்டிலே, பிறந்தது ஃபிரான்சிஸ்டவுன்.
அவள் பெயரை நான் தப்பாகச் சொன்னேன்,
என் பெயரை அவள் தப்பாகச் சொன்னாள்,
கணக்கு நேரானது.
நடுவில் கரண்ட் போக
எங்கள் பக்கம்தான் என்று நான் மன்னிப்புக் கேட்டேன்,
இல்லை எங்கள் பக்கம் என்று அவள் கேட்டாள்.
இருவர் பக்கமும்தான் போயிருக்கிறது.

அதன் பிறகு பேச்சு எண்களைவிட்டு விலகியது.

"முன்பெல்லாம் பெட்டிகளோடு வருவார்கள்.
எங்கள் இருட்டில் கருவியை நட்டு
வேண்டியதை அள்ளிக்கொண்டு
பெட்டிகளோடு போவார்கள்.
கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி.
அதில் டிரைவருக்குப் பிறகு
எங்கள் பேராசிரியர்.
இப்போது கேள்வியை என் மாணவர்கள் எழுதுகிறார்கள்.
வேலைக்கு ஆள் போதாதபோது
உலகத்தைக் கூப்பிடுகிறோம்,
உன்னைக் கூப்பிட்ட மாதிரி."

ஜன்னலுக்கு வெளியே
தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு டிரெய்லர்
சங்கிலி போட்ட ஒற்றைக் கல்லோடு
துறைமுகத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.
கல் இந்த மாவட்டத்தினுடையது.
மெருகும் பெயரும் இறங்குகிற ஊரில் ஏறும்.
அதை எப்படி அவளிடம் சொல்வது?
"லாரி சத்தம், பொறுத்துக்கொள்" என்றேன்.

கொம்பை மறுபடி கடைந்தோம்.
மூன்று மைக்ரானில் வந்து நின்றது.
வரைபடத்தின் வலது கீழ் மூலையில்
இரண்டு கட்டங்கள்:
வடிவமைத்தவர், ஒ. மொகாபி.
சரிபார்த்தவர், மு. நாகவேணி.
ஸ்கேனரில் என் கையெழுத்து சற்றே சாய்ந்துவிட்டது.

சூளகிரியில் என் மொட்டைமாடிக்கு
நட்சத்திரம் அதிகம் வருவதில்லை.
நெடுஞ்சாலை ஒருபுறம்.
மறுபுறம் சாமந்திக்கு ராத்திரியைப் பகலென்று நம்பவைக்கத்
தோட்டம் முழுக்க பல்புகள்.
வானம் ஆறிப்போன டீயின் நிறம்.
அங்கேயோ செல்போனை அணைத்த பிறகுதான்
கேட்டையே திறப்பார்களாம்.

பதினாலு மாதம் கழித்து
கம்பெனி பஸ் கோபசந்திரத்தில் நெரிசலில் நிற்க
அவளிடமிருந்து ஒரு படம்.
நடுங்கும் கோடு ஒன்று,
அதன் நடுவே சின்னதாய் ஒரு மேடு.
"ஹைட்ரஜன். இது கிளம்பியபோது
பூமியில் பூ என்று ஒன்று இல்லை."

முன்சீட்டுப் பெண்ணின் கொண்டையில்
பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த சாமந்தி.

படத்தை இரண்டு விரலால் அகட்டினேன்.
வாழ்த்துத்தான் எழுத நினைத்தது.
விரல் எழுதியது:
"பிழை எவ்வளவு, கூட்டல் கழித்தல்?"

ஒற்றை டிக்கோடு நிற்கிறது கேள்வி.
கேட்டுக்கு உள்ளே இருக்கிறாள் போலும்.